ஊதாத சங்கு

ஏப்ரல் 26, சனிக்கிழமை.

போன வாரம் எழுதியதில் ஒரு தவறு. 'டன்லோவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சுழற்காற்று எச்சரிக்கையின் சோதனைச் சங்கு ஊதும்' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊதாது. இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்று அண்ணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமில்லாததை எங்காவது விட்டுவிடுவேன்.

ஆரிகன் கடற்கரையை விட்டு நாங்கள் ஓக்லஹோமாவில் இந்த டன்லோவுக்கு வந்த பிறகு இது முதல் வசந்தம். அண்ணன் பெயர் ஐவர், அவனுக்கு இங்கே காற்றாலையில் மெக்கானிக் வேலை. காற்று அடித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதே காற்றுதான் அண்ணி லினியாவைத் தூங்கவிடாமல் செய்கிறது. மார்ச்சில் சுழற்காற்று எச்சரிக்கை வந்த அன்று, குளியல் தொட்டிக்குள் படுத்து மெத்தையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஷூவைக் கழற்றாமல்தான் தூங்குகிறாள்.

ஆரிகனில் எங்கள் பழைய ஊரான அஸ்டோரியாவுக்குத் திரும்பிப் போகச் செவ்வாய்க்கிழமைக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. வியாழன் இரவு சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லவில்லை. 'போறேன்' என்றுதான் சொன்னாள். அண்ணன் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவள் பயத்தைக் குறைக்க இந்த மாதத் தொடக்கத்திலிருந்து என் கையில் இருந்தது ஒரே ஒரு திட்டம். பகலில் மாட்டுத் தீவனக் கடையில் வேலை, மாலையில் மருத்துவ உதவியாளர் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஒருநாள் சொன்னார்கள், பயப்படுகிற ஒன்றைத் தூரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போய்ப் பழகலாமென்று. அண்ணியின் பயத்தில் பாதி அந்தச் சங்குச் சத்தத்துக்குத்தான். எனவே சங்கிலிருந்து தொடங்கினேன். முதல் சனிக்கிழமை வீட்டுக்குள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு. அடுத்தது வாசற்படியில். அதற்கடுத்தது தபால் நிலையத்துக்கு எதிரில். இன்று தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில், சங்கு கட்டிய கம்பத்துக்கு நேர் கீழே.

பதினொன்றரைக்குள் போய்விட்டோம். தெற்கிலிருந்து காற்று ஈரமாக வந்தது, குளித்து முடித்த அறையின் கதவைத் திறந்த மாதிரி. வானத்துக்கு அழுக்கு மஞ்சள் நிறம்.

"வானம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள் அண்ணி.

"இந்த ஊர்ல தினமும் ஒரு மாதிரிதான் இருக்கு அண்ணி."

"அதான் எனக்குப் பிடிக்கலை. எங்கப்பா கடலுக்குப் போனவர். புயல்னா ரெண்டு நாள் முன்னாடியே கடல் சொல்லிடும். படகை இழுத்துக் கட்டிட்டு வீட்ல வந்து சீட்டு ஆடுவார். இங்க காலையில துணி காயப்போட்டா சாயங்காலம் வீடே இருக்குமான்னு தெரியலை."

நான் மணியைப் பார்த்தேன்.

பன்னிரண்டு ஆனது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையும் காதுக்குப் பக்கத்தில், ஆனால் காதைப் பொத்தவில்லை. பொத்தக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு நாய் தும்மியது.

"ஊதிடுச்சா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "எனக்குத்தான் கேக்கலையா?"

"ஊதலை அண்ணி."

"ஏன்?"

"யாராவது மறந்திருப்பாங்க. சனிக்கிழமைதானே."

இதுதான் என்னுடைய இரண்டாவது தவறு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அண்ணி கண்ணைத் திறந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "என்னைப் பார்த்துப் பயந்துடுச்சு போல" என்று சொல்லிச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. மார்ச்சுக்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டம் பலித்துவிட்டதென்றே நினைத்தேன்.

"வா, வெர்லீன் கடைக்குப் போகலாம்" என்றாள். "இன்னிக்கு நான் உனக்கு வாங்கித் தரேன்."

வெர்லீன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. தீயணைப்பு நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள், வாய் அதிகம், சமையல் அதைவிட நன்றாக இருக்கும். சனிக்கிழமை மதியம் அங்கே உட்கார இடம் கிடைக்காது. இன்று உள்ளே போனால் நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கண்ணுங்களா. வறுத்த வெண்டைக்காயும் பீச் பழ இனிப்பும்தான் மிச்சம். கட்டித் தரேன், வீட்ல போய்ச் சாப்பிடுங்க."

"கடையை மூடுறீங்களா?" என்றேன். "மணி பன்னிரண்டுதானே ஆகுது."

"ஆமா. சங்கு ஊதலையே."

அண்ணியின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "ஊதலைன்னா நல்லதுதானே" என்றாள்.

வெர்லீன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையா? வானம் சரியில்லாத சனிக்கிழமை சோதனைச் சங்கு ஊத மாட்டாங்க கண்ணு. ஊதினா நெஜமா சோதனையான்னு ஜனங்களுக்குக் குழப்பமாயிடும். அதனால வாயை மூடி வச்சிருக்காங்க. இன்னிக்கு அது வாயைத் திறந்துச்சுன்னா நெஜம்."

அண்ணி கதவைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் நின்ற வண்டிகளெல்லாம் மூக்கை வெளிப்பக்கம் வைத்து நிறுத்தியிருந்தன, ஏறியதும் கிளம்ப வசதியாக. நாங்கள் வந்தபோதே அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் வண்டி மட்டும் சுவரைப் பார்த்து நின்றது.

வண்டியில் ஏறினோம். வெண்டைக்காய்ப் பொட்டலம் அவள் மடியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

"அந்தக் கம்பத்துக்கு அடியில நிக்க வச்சு என்னைச் சிரிக்க வச்சியே, மாரென்."

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? மறந்திருப்பாங்கன்னு சொன்னே. நீ பாட்டுக்கு ஒண்ணு சொல்றே, நான் பாட்டுக்கு நம்புறேன். உங்க அண்ணன் என்னை இங்க கூட்டிட்டு வந்ததும் இப்படித்தான். 'அதெல்லாம் நம்ம பக்கம் வராது'ன்னான்." கொஞ்சம் கழித்து, "செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு இனிமே திட்டம் எதுவும் போடாதே" என்றாள்.

சரி என்றேன்.

சனிக்கிழமையும் வேலைக்குப் போயிருந்த அண்ணனுக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. காற்றாலைமேல் ஏறும்போது போனை வண்டியிலேயே வைத்துவிடுவார்கள். தூரத்தில் மின்னல் தெரிந்தாலே இறக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். இருந்தாலும் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் டிவியைப் போட்டோம். வானிலை சொல்கிறவர் இன்னும் கோட்டோடு இருந்தார். அவர் கோட்டைக் கழற்றினால்தான் கவலைப்பட வேண்டும் என்பார்கள் இந்த ஊரில். மூன்று மணி வாக்கில் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையையும் மடித்துவிட்டார்.

அண்ணி அழவில்லை. எழுந்து போய் அடுப்புக்கு வரும் எரிவாயுவை மூடினாள். என் செருப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஷூவை எடுத்துத் தந்தாள். அண்ணனின் சைக்கிள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இழுத்து இறுக்கினாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. ஆனால் எதையும் இரண்டாவது தடவை செய்ய வேண்டியிருக்கவில்லை. மார்ச்சிலிருந்து தினமும் மனதுக்குள் செய்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போல.

அப்போது சங்கு ஊதியது.

சோதனைக்கு ஊதுவது கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். இது ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது.

வெர்லீன் வீட்டுக் கொல்லையில் ஒரு நிலவறை இருக்கிறது. மண்மேட்டில் சாய்வாக ஓர் இரும்புக் கதவு, உள்ளே சிமெண்டுப் படி. பல வருஷமாகப் புயலுக்கென்று யாரும் அதில் இறங்கியதில்லை. கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களும் ஊறுகாய்ச் சாடிகளுமாகக் கிடந்தது. போன ஒரு மாதமாக அண்ணி தினமும் வேலிச் சந்து வழியாகப் போய் அதைப் பெருக்குவாள், ஒட்டடை அடிப்பாள், சாமான்களை ஓரமாக அடுக்குவாள். "என் நிலவறைக்குப் புது மருமக வந்தாச்சு" என்று வெர்லீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கும்கூட அது வீண் வேலையாகத்தான் பட்டது.

நாங்கள் வேலிச் சந்தில் நுழைந்தபோது வெர்லீன் கொல்லை நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஐஸ் போட்ட டீ. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். சங்கு ஊதினால் உள்ளே போக மாட்டார்கள், வெளியே வந்து பார்ப்பார்கள்.

மேற்கு வானம் பச்சையாக இருந்தது. நான் எழுத்துக்காகச் சொல்லவில்லை. பச்சைதான்.

அண்ணி கதவின் பிடியை இழுத்தாள். சத்தமே இல்லாமல் திறந்தது. "இறங்கு" என்றாள் என்னிடம். இறங்கினேன். அவளும் இரண்டு படி இறங்கிவிட்டாள். பிறகு நின்றாள்.

"வெர்லீன், வாங்க."

"நீங்க போங்க கண்ணு. இது வடக்கால ஒதுங்கிப் போயிடும். முப்பது வருஷமா பாக்குறேன். மேகத்துலேர்ந்து சுழல் வால் இறங்கினா நானே வந்துடுவேன்."

சங்கு தலைக்குள் ஊதுவது போல இருந்தது. அண்ணி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது கதவை மூடிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் மேலே ஏறிப் போனாள்.

படியில் நின்றபடி எனக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. குரல் தெளிவாகக் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு. உங்களை மேல விட்டுட்டு என்னால கீழ உக்கார முடியாது. நீங்க வரலைன்னா நானும் இங்கதான் நிப்பேன். எது வந்தாலும் ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கட்டும்."

"இது என்ன வம்பாப் போச்சு."

"வம்புதான். எந்திரிங்க."

வெர்லீன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அவளை முன்னால் விட்டு, அண்ணி பின்னால் இறங்கி, கதவை இழுத்துத் தாழ் போட்டாள்.

உள்ளே ஒரு பெஞ்சு. மூவரும் ஒட்டி உட்கார்ந்தோம். முதலில் ஆலங்கட்டி கதவில் விழுந்தது, யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போல. பிறகு அதுவும் நின்றது. காது அடைத்துக்கொண்டது. அடுத்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தம் என்பதைவிட, தரை முழுக்க ஒரு நடுக்கம்.

டார்ச் வெளிச்சத்தில் வெர்லீன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தேன். ஐஸ் கட்டிகள் கிணுகிணுவென்று கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. அண்ணியும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வாங்கி ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான். பிறகு மழை மட்டும் கேட்டது. அதற்கும் பிறகு சங்கு நின்றது.

கதவை மூவரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. மேலே ஒரு பெரிய மரக்கிளை. தள்ளிவிட்டு வெளியே வந்தோம். வெர்லீனின் வீடு இருந்தது, எங்கள் வீடும் இருந்தது. வால் இறங்கியது ஊருக்கு வடமேற்கே, யாருடைய வீட்டுமேலும் இல்லை. ஒரு வைக்கோல் கொட்டகை மட்டும் போனது என்று பிறகு டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு வந்தது அதன் ஓரத்துக் காற்று. வெர்லீனின் கார் கொட்டகைத் தகரம் ஒன்று பிய்ந்து வந்து கொல்லை நடுவில் குத்திக்கொண்டு நின்றது. மடக்கு நாற்காலி இருந்த இடம் அது. நாற்காலியைத் தேடினேன். பெக்கான் மரத்தில் தொங்கியது.

வெர்லீன் வெகுநேரம் தகரத்தையே பார்த்தாள்.

"பழைய நாற்காலிதான்" என்றாள். பிறகு அண்ணியிடம், "கதவுக் கீலுக்கு யாரு எண்ணெய் போட்டது?"

"நான்தான்."

"பத்து வருஷமா கத்திட்டு இருந்துச்சு. சனியன் சத்தமே போடலை இன்னிக்கு." அவ்வளவுதான். தகரத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வேலி வழியாக ஒரு பாத்திரம் பீச் இனிப்பு வந்தது.

அண்ணி வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயம் போகலை மாரென்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "நீ போயிடுச்சுன்னு எழுதி வச்சுக்காதே."

எழுதவில்லை.

அண்ணன் ஆறு மணிக்கு வந்தான். வண்டி முழுக்க ஆலங்கட்டி குத்திய பள்ளம், கண்ணாடியில் விரிசல். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "போனை ஏன் எடுக்கலை?" என்றாள்.

"சிக்னல் இல்லை. எங்களை ஆபீஸ் கழிப்பறைக்குள்ள அடைச்சு வச்சுட்டாங்க, ஒன்பது பேரை. ஒருத்தன் மதியம் பூண்டு சாப்பிட்டிருந்தான். அதுக்கு வெளியிலேயே நின்னிருக்கலாம்."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் அதற்குமேல் வேடிக்கை பேசவில்லை. நடந்ததை நான் சொன்னேன், நாற்காலி உட்பட. அண்ணன் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டிக்கெட்டைத் தள்ளி வச்சுக்குறேன்" என்றாள் அண்ணி. "ரத்து பண்ணலை, தள்ளி வைக்கிறேன். எனக்கு நம்ம கொல்லையிலேயே ஒரு நிலவறை வேணும். அடுத்த வீட்டுக்கு ஓடுறதா இருந்தா என்னால முடியாது. நாளைக்கு இடம் அளக்குறேன். நீ வெட்ட ஆள் பாரு. கதவு போட்ட அன்னிக்கு நான் ஷூவைக் கழட்டுறேனா இல்லையான்னு பாக்கலாம்."

"சரி" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் நம்ம பக்கம் வராதுன்னு மறுபடி சொன்னே..."

"சொல்ல மாட்டேன்."

அண்ணி வாசல் கதவோரம் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஒரு கம்பளிச் சட்டையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பெட்டி வாசலிலேயே இருந்தது.

நானும் அண்ணனும் வண்டியிலிருந்த கண்ணாடித் தூளைப் பெருக்கினோம். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆரிகன் ஆத்தோரக் காற்றாலையில ஒரு இடம் காலியாகுது. அஸ்டோரியாவுக்குக் கார்ல போயிடலாம். வியாழக்கிழமை காலையில மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். போறியான்னு."

துடைப்பம் என் கையிலேயே நின்றது. வியாழன் இரவுதான் அண்ணி 'போறேன்' என்று சொன்னாள். இவன் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தான்.

"என்ன சொன்னே?"

"யோசிக்கிறேன்னேன். திங்கக்கிழமை சொல்லணும். இங்க நான் ஒரு குழுவுக்கே தலைவன் மாரென். அங்க போனா மறுபடி முதல்லேர்ந்து."

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"இன்னிக்குத்தான் இருக்கேன்னு சொல்லியிருக்கா. இன்னிக்கே சொல்லணுமா?"

"அவங்க ஒரு குழி வெட்டப் போறாங்க அண்ணா. வேற வழியில்லைன்னு நெனச்சுக்கிட்டு வெட்டப் போறாங்க."

"நீ சொல்லிடாதே."

மதியம் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். இப்போது தெரிந்ததைத் தெரியாத மாதிரி இருக்கச் சொல்கிறான். இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பிறகு மேலே ஏறிப் போனதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. "நாளைக்கு மதியம் வரைக்கும் பாப்பேன்" என்றேன். "அதுக்குள்ள நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்." அவன் துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிப் பெருக்க ஆரம்பித்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணி வந்து ஒரு நூல்கண்டையும் நான்கு குச்சிகளையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். "நாளைக்கு ஒரு முனையை நீ பிடிச்சுக்கணும்" என்றாள்.

நாளை ஞாயிறு. முதல் வேலை: நூலின் அந்த முனையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அவன் அண்ணியிடம் சொல்லி முடிக்கும்வரை கொல்லைப் பக்கம் போகாமல் இருப்பது.